இரண்டு முறை சாம்பல் சேர்ந்த தளம்: வாலாஜா பக்கத்து வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கூரைத் தளம் போட்ட மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு மேஸ்திரி போன் செய்தார். "சார், நகத்தால கீறுனா மாவு மாரி வருது. கொஞ்சம் வந்து பாருங்க." எனக்குப் பல வருடப் பழக்கம் அவர். சின்ன விஷயத்துக்குக் கூப்பிடுகிறவர் இல்லை. காட்பாடியிலிருந்து கிளம்பி வாலாஜாபேட்டைக்குப் பக்கத்திலுள்ள அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேரும்போதே வெயில் ஏறிவிட்டது. பாத்தியில் தண்ணீர் வற்றியிருந்த ஒரு மூலையில் ஆணியால் கீறினேன். கோடு ஆழமாக விழுந்தது. மூன்று நாள் ஆன கான்கிரீட்டில் அப்படி விழக் கூடாது.

அந்தத் தளம் இன்றும் நிற்கிறது, அதன்மேல் மாடியும் கட்டியாயிற்று. ஆனால் அதற்கு முன் இரண்டு மாதம் நாங்கள் பட்ட பாடு பெரியது. சிமெண்டின் இடத்தில் ஆலைக் கழிவைச் சேர்க்கலாமா என்று வேலூர், ராணிப்பேட்டை பக்கம் வீடு கட்டுகிற பலர் இப்போது கேட்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை முழுதாகவே எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் ராணிப்பேட்டை பெல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அனல்மின் நிலையங்களில் புகைபோக்கிக்கு முன்னால் நிற்கும் பெரிய இரும்புப் பெட்டிகளை அந்த ஆலை செய்கிறது. ஈ.எஸ்.பி. என்பார்கள். உள்ளே வரிசையாகத் தகடுகள் தொங்கும். உயர் மின்னழுத்தத்தில் புகையிலுள்ள சாம்பல் துகள்கள் மின்னேற்றம் பெற்றுத் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். தகட்டைத் தட்டினால் கீழே உள்ள தொட்டியில் கொட்டும். அப்படிப் பிடித்த உலர் சாம்பல்தான் ஃப்ளை ஆஷ். நம் நாட்டு நிலக்கரியில் 100 கிலோ எரித்தால் 30 முதல் 45 கிலோ வரை சாம்பல் மிஞ்சும் என்பதால், அது எவ்வளவு சேரும் என்று யோசித்துக்கொள்ளலாம். முதல் நாள் பேச வந்தபோதே அவர் சொன்னார்: "காலமெல்லாம் சாம்பலப் புடிக்கிற பெட்டிக்குத் தகடு வெட்டுனேன் தம்பி. என் வீட்டுல அந்தச் சாம்பல் இருக்கணும்."

நான் ஒப்புக்கொண்டதற்கு அவர் ஆசை மட்டும் காரணமில்லை. அந்தப் பக்கத்து நிலத்தடி நீர் உப்பு. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பது உச்ச நீதிமன்றம் வரை போன கதை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த அந்த வழக்கில் 1996-இல் வந்த தீர்ப்பைச் சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் படிக்கிறார்கள். கட்டடம் கட்டுகிறவனுக்கு அந்த உப்பு குளோரைடாகவும் சல்ஃபேட்டாகவும் வந்து சேரும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கலவைக்கு லாரித் தண்ணீர் என்று முடிவு செய்தோம். ஆனால் அடித்தளம் காலமெல்லாம் அந்த மண்ணிலேயே நிற்கப்போகிறது. சாம்பல் சேர்த்து, நாள்கணக்கில் ஈரம் காத்து நன்றாக ஆற்றிய கான்கிரீட் உப்பு நீரை எளிதில் உள்ளே விடாது. சல்ஃபேட் தாக்குதலையும் தனி சிமெண்டைவிட நன்றாகத் தாங்கும். கரியமில வாயுக் கணக்கும் என் மனதில் இருந்தது. சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரி அளவுக்குச் சூடேற்றித்தான் சிமெண்டாக அரைக்கும் கிளிங்கரைச் செய்கிறார்கள். எரிபொருளை விடுங்கள், கல் சிதையும்போதே ஒரு டன் கிளிங்கருக்கு அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியே போகிறது.

இதில் நம் ஊருக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. தாத்தா காலத்து வீடுகளில் சுண்ணாம்போடு சுர்க்கி சேர்ப்பார்கள். சுட்ட செங்கலின் பொடிதான் சுர்க்கி. அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் தனியாக இறுகாது, ஈரத்தில் சுண்ணாம்போடு சேர்ந்தால் இறுகும். ஃப்ளை ஆஷும் அதையேதான் செய்கிறது. சிமெண்ட் தண்ணீரோடு வினைபுரியும்போது வலு தரும் பசை உருவாகிறது, கூடவே நீறிய சுண்ணாம்பும் மிஞ்சுகிறது. தனி சிமெண்டில் அந்தச் சுண்ணாம்பு சும்மா கிடக்கும், தண்ணீர் புகுந்தால் கரைந்தும் வரும். சாம்பல் அதைப் பிடித்து இன்னும் கொஞ்சம் பசையாக மாற்றுகிறது. இந்த வினைக்குச் சிமெண்ட் முதலில் சுண்ணாம்பை விட வேண்டும், ஈரம் இருக்க வேண்டும், வாரக்கணக்கில் நேரமும் வேண்டும். மூன்றும் கிடைக்காவிட்டால் சாம்பல் வெறும் பொடியாகக் கிடக்கும்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். தரைத்தளமும் மாடியும், ஒவ்வொன்றும் ஆயிரம் சதுர அடி. கான்கிரீட் எம்25, அதாவது இருபத்தெட்டாம் நாள் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டியது. தை மாதம் அடித்தளம். சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்ட், அதாவது 53 கிரேடு ஓ.பி.சி., ஒரு மூட்டைக்கு 21 கிலோ உலர் சாம்பல். மொத்தம் 71 கிலோவில் சாம்பல் 30 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. சாம்பலுக்கு என்று ஒரு பக்கெட்டை எடை போட்டுக் கோடு கிழித்து வைத்திருந்தோம். தண்ணீர் 34 லிட்டர், ஜல்லியிலும் எம்-சாண்டிலும் உள்ள ஈரத்தைக் கழித்துக்கொண்டு. சாம்பல் துகள் கண்ணாடிக் குண்டு போல உருண்டையாக இருப்பதால் கலவை வழுக்கிக்கொண்டு ஓடியது. "தண்ணி ஜாஸ்தி வுட்டாப்ல இருக்குது, ஆனா வுடல" என்று மேஸ்திரிக்கே ஆச்சரியம். அடித்தளம், தூண் எல்லாவற்றுக்கும் வலு பார்க்க எடுத்த க்யூப்கள், அதாவது சோதனைக் கட்டிகள், சரியாக வந்தன.

தளம் சித்திரைக் கடைசியில், அக்னி நட்சத்திரத்தில் விழுந்தது. அதுவே நல்ல நேரம் இல்லை. ஆனால் சென்ட்ரிங் ஆள் அடுத்த வேலைக்குத் தேதி கொடுத்திருந்தார். காலை ஏழு மணிக்கு மிக்ஸர் ஓட ஆரம்பித்து மதியம் இரண்டுக்கு முடிந்தது. ஐந்து அங்குலத் தளமும் பீமும் சேர்த்துப் பதினான்கு கன மீட்டர் அளவு. அன்று காலை நான் வேறொரு சைட்டில் இருந்தேன். ஒன்பது மணிக்கு வந்தபோது பாதி வேலை போய்க்கொண்டிருந்தது. பக்கெட் சரியாக இருந்தது, தண்ணீர் அளவு சரியாக இருந்தது, வைப்ரேட்டர் ஓடியது. அடுக்கியிருந்த மூட்டைகளை நான் பார்க்கவில்லை. இந்த ஆய்வில் என் பங்குக்கான தவறு அது.

மூன்றாம் நாள் ஆணிக் கோட்டைப் பார்த்த பிறகு முதலில் போன இடம் காலி மூட்டைகள் கிடந்த மூலை. அச்சைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. ஐ.எஸ். 1489, பி.பி.சி. ஃப்ளை ஆஷ் கலந்த சிமெண்ட். கடையில் ஓ.பி.சி. இருப்பு தீர்ந்ததால் அதே கம்பெனியின் பி.பி.சி.யை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். மூட்டையின் நிறம், படம் எல்லாம் ஒரே மாதிரி. "சிமெண்ட் சிமெண்ட்தானே" என்று கடையில் நினைத்திருக்கிறார்கள், இறக்கியவர்களும் அப்படியே நினைத்திருக்கிறார்கள். பி.பி.சி.யை மட்டும் போட்டு வீடு கட்டுகிறவருக்கு அது உண்மையும்கூட. பி.பி.சி. நல்ல சிமெண்ட். நாங்கள்தான் அதில் மறுபடியும் சாம்பலைக் கொட்டினோம்.

பி.பி.சி.யில் 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் இருக்கலாம் என்கிறது தரநிலை. 30 என்று வைத்துக்கொண்டால் 50 கிலோ மூட்டையில் 15 கிலோ ஏற்கெனவே சாம்பல். மேலே எங்கள் 21 கிலோ. ஆக 71 கிலோவில் 36 கிலோ சாம்பல், பாதிக்கு மேல். மூட்டையில் 25 சதவீதம்தான் இருந்தது என்று கொண்டாலும் 47 வருகிறது. சேர்மானச் சாம்பலைச் சிமெண்டின் கணக்கில் ஏற்றுக்கொள்ள ஐ.எஸ். 456 விதிக்கும் வரம்பு ஐ.எஸ். 1489-இன் வரம்பேதான், அதாவது 35. எப்படிப் பார்த்தாலும் நாங்கள் அதைத் தாண்டிவிட்டோம்.

ஐம்பது சதவீதச் சாம்பல் என்பதே தவறு என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1980-களில் கனடாவில் வி. மோகன் மல்ஹோத்ராவும் அவருடைய குழுவும் பாதிக்கு மேல் சாம்பல் வைத்து நல்ல கான்கிரீட் செய்து காட்டினார்கள். ஆனால் அவர்கள் தண்ணீரை மொத்தப் பொடியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தார்கள். அதைக் குழைத்து ஓட வைக்க சூப்பர்பிளாஸ்டிசைசர் சேர்த்தார்கள். எங்கள் கலவையில் தண்ணீர் கிட்டத்தட்ட பாதி. முப்பது சதவீதச் சாம்பலுக்குப் போட்ட தண்ணீர்க் கணக்கில் ஐம்பது சதவீதச் சாம்பல் போய் உட்கார்ந்துவிட்டது. ஆரம்ப நாட்களில் வலு தருகிற கிளிங்கர் ஒரு கலவைக்கு 50 கிலோவிலிருந்து 35 ஆகக் குறைந்தது. மேல்பரப்பு மாவானதற்கும் இதுவே காரணம். இறுக நேரமானதால் தண்ணீர் மேலே கசிந்து வந்தது, மேலே இருந்த வெயில் அதைக் குடித்தது. ஓரங்களில் மயிர்க்கோடு போல வெடிப்பும் விட்டிருந்தது.

ஏழாம் நாள் மூன்று க்யூபை உடைத்தோம். ஒன்றுகூட 10 நியூட்டனைத் தொடவில்லை. எம்25-க்கு அந்த நாளில் 16, 17 வந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

எட்டாம் நாள் சென்ட்ரிங்காரர் வந்து நின்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு ஏழு நாளில் அடியிலுள்ள முட்டு எடுக்கலாம் என்பது அவருக்கு அத்துப்படி, எங்கள் அறைகளோ நாலு மீட்டர்தான். ஐ.எஸ். 456-இலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஏழு நாள் ஓ.பி.சி.க்குச் சொன்னது என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. வேறு சிமெண்ட் என்றால் நாளை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. இன்று கடையில் வீட்டு வேலைக்கு வாங்குகிற மூட்டை பெரும்பாலும் பி.பி.சி., முட்டு எடுப்பது மட்டும் ஓ.பி.சி. கணக்கில். எங்கள் ஊர்ப்பக்கம் தளம் தொய்ந்து நிற்கும் எத்தனை வீடுகளுக்கு இது காரணமோ என்று எனக்கு உண்மையிலேயே கவலை.

"முட்டைத் தொடாதீங்கண்ணா, வாடகையை நான் தர்றேன்" என்றேன். வீட்டுக்காரர் குறுக்கே வந்து, "நான் ஆசைப்பட்டது தம்பி, பாதி என்னுது" என்றார். இருபத்தெட்டு நாள் முட்டு அசையாது என்று முடிவானது.

அடுத்தது தண்ணீர். சாம்பலோ கலப்புச் சிமெண்டோ போட்டால் 14 நாள் வரை ஆற்ற வேண்டும் என்பது பரிந்துரை. நாங்கள் 28 நாள் என்று வைத்துக்கொண்டோம். மே மாத ராணிப்பேட்டையில் அது எளிதில்லை. பாத்தித் தண்ணீர் மதியத்துக்குள் வற்றும். உப்புப் போர் தண்ணீரை விட மனமில்லை, கம்பிக்கு மேல் ஒரு அங்குலம்கூட மூடல் இல்லாத தளம் அது. லாரித் தண்ணீர் இறக்கித் தொட்டியில் வைத்து, பாத்திக்குள் சாக்கு விரித்து, அதன்மேல் தார்ப்பாய் போட்டோம். வீட்டுக்கார அம்மா காலையும் மாலையும் சாக்கைத் தொட்டுப் பார்த்து ஈரம் இல்லையென்றால் ஊற்றினார். இந்த வீட்டைக் காப்பாற்றியவர்களில் முதல் பெயர் அவருடையது.

கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் தளத்தை எம்20 என்று வைத்து மறுபடி கணக்குப் பார்க்கச் சொன்னேன். வளைவைத் தாங்குவதில் பெரிய சிக்கல் இல்லை என்றார். மெல்லிய தளத்தில் வளைவு வலுவைப் பெரும்பாலும் கம்பிதான் தீர்மானிக்கிறது, கான்கிரீட் கொஞ்சம் குறைந்தால் அது அவ்வளவாகக் குறையாது. அவர் பயந்தது இரண்டு விஷயங்களுக்கு. வலு ஏறும் முன் முட்டை எடுத்தால் தளம் தொய்யும், அந்தத் தொய்வு நிரந்தரம். இன்னொன்று நாள்பட்ட சங்கதி. சாம்பல் அதிகமாகி, சரியாக ஆறாத கான்கிரீட்டில் காற்றிலுள்ள கரியமில வாயு சீக்கிரம் உள்ளே இறங்கும். கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மை குறைந்துபோகும். அதனால் கீழ்ப்பக்கம் பூச்சைத் தள்ளிப்போடாமல் முழுதாகப் பூசச் சொன்னார். மேலே மாவான தோலைக் கம்பி பிரஷ் போட்டு எடுத்தோம். மயிர்க்கோடுகளில் சிமெண்ட் பால் ஓட விட்டோம்.

இருபத்தெட்டாம் நாள் க்யூப் 20-ஐ ஒட்டி வந்தது. விதிப்படி அது தோல்வி, எம்25 என்று சொல்லி வாங்கிய கான்கிரீட் எம்25 ஆகவில்லை. முட்டை நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போய், ஒரு அறை விட்டு ஒரு அறையாகத் தளர்த்தி, நூல் கட்டி அளந்து பார்த்தோம். தொய்வு கண்ணுக்குத் தெரியவில்லை. நடுவில் மட்டும் சில முட்டுகளை மறுபடி கொடுத்து விட்டுவைத்தோம். நல்ல வேளையாக அன்று ஒன்பது க்யூப் எடுத்திருந்தோம். மிஞ்சிய மூன்றை ஐம்பத்தாறாம் நாள் உடைத்தபோது மூன்றும் 25-ஐத் தாண்டின. சாம்பல் தன் வேலையைத் தாமதமாகவேனும் செய்து முடித்திருந்தது. ஆனால் க்யூப் தொட்டியில் மூழ்கிக் கிடந்த கான்கிரீட், தளம் வெயிலில் கிடந்தது. இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். அதனால் பரப்பின் கடினத்தைக் காட்டும் ரீபவுண்ட் சுத்தியல் வைத்து அறை அறையாகத் தட்டிப் பார்த்து, தண்ணீர் அடிக்கடி வற்றிய அந்த ஓர மூலையைக் குறித்து வைத்தேன். மாடியில் தண்ணீர்த் தொட்டி அந்தப் பக்கம் வரவில்லை.

இந்தக் கதையை வெளியே சொன்னதும் பலர் வேறு கழிவுகளைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். செங்கல் சூளைக்கு வந்து திறந்தவெளியில் நனைந்து கிடக்கும் சாம்பலைக் கேட்டார் ஒருவர். அது பெரும்பாலும் குளத்தில் கரைத்து விட்ட சாம்பல், கீழே தங்கும் கரடு அதில் கலந்திருக்கும். ஃப்ளை ஆஷ் செங்கலுக்குச் சரி. சிமெண்டுக்குப் பதில் போட ஐ.எஸ். 3812 முதல் பகுதிக்குப் பொருந்தும் உலர் சாம்பல் வேண்டும். மறுபடி சூடேற்றி எரித்தால் குறையும் எடை 5 சதவீதத்துக்குள்ளும், 45 மைக்ரான் சல்லடையில் தங்குவது 34 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். கறுத்துப்போயிருந்தால் எரியாத கரி அதிகம் என்று அர்த்தம்.

ஆரணி, கலவை பக்கத்து அரிசி ஆலைகளின் உமிச் சாம்பலைப் பற்றிக் கேட்டவர்கள் நிறைய. உமி தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் தரும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சூட்டைக் கட்டுப்படுத்தி எரித்து நன்றாக அரைத்தால்தான் அந்தச் சிலிக்கா வினைபுரியும். பாய்லரில் கண்டபடி எரிந்து கறுப்பாக வருவது தண்ணீரைக் குடிக்கும், வலுவைத் தராது. நம் பகுதியிலேயே அதைச் சரியாக எரித்துத் தருகிற ஓர் ஏற்பாடு வந்தால் முதலில் போய் வாங்குகிறவன் நானாக இருப்பேன். கிரஷர் தூளும் கிரானைட் பொடியும் வேறு கணக்கு. அவை மணலின் இடத்தில் வரும், சிமெண்டின் இடத்தில் வராது. கல்லை எவ்வளவு பொடித்தாலும் அது சுண்ணாம்போடு சேராது.

தோல் ஆலைச் சேற்றையும் குரோமியக் கழிவையும் கான்கிரீட்டில் போட்டு மூடிவிடலாமே என்று ஒருவர் கேட்டார். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கும் மேல். நிலத்தடி நீரில் அது இறங்கியிருப்பதை ஊரே அறியும். ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தருவது, தண்ணீரில் கரைவது. அதை ஒரு வீட்டுச் சுவரில் வைத்து, நாளை அந்தச் சுவரை இடித்து வேறு எங்கோ கொட்டுவதற்கு நான் ஒருநாளும் துணை போக மாட்டேன். கழிவு என்ற சொல் ஒன்றாக இருப்பதால் ஃப்ளை ஆஷையும் இதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

இரும்பு ஊதுலைக் கசடு நல்ல பொருள். உருகிய கசடைத் தண்ணீர் பாய்ச்சிக் குளிரவைத்து அரைத்தால் ஜி.ஜி.பி.எஸ். கிடைக்கும். சாம்பலைப் போல அது சிமெண்டின் சுண்ணாம்பை மட்டும் நம்பி இருப்பதில்லை, தானும் கொஞ்சம் இறுகும். அதனால்தான் கசடுச் சிமெண்டில் 70 சதவீதம் வரை கசடு அனுமதி. ரெடிமிக்ஸ் நிலையங்களில் தாராளமாகப் பயன்படுகிறது. ஐந்து பத்து மூட்டையாக வீட்டு வேலைக்கு வாங்குவதுதான் சிரமம்.

தனி வீடு கட்டுகிறவர் என்னிடம் கேட்டால் இப்போது ஒன்றே சொல்கிறேன்: பி.பி.சி. வாங்குங்கள், அதில் எதையும் சேர்க்காதீர்கள், பதினான்கு நாள் தண்ணீர் விடுங்கள். சிமெண்டைக் குறைக்கும் வேலையை ஆலையிலேயே எடை போட்டுச் செய்து முடித்திருக்கிறார்கள். சைட்டில் சாம்பல் கலப்பது என்றால் ஓ.பி.சி., சாம்பலின் சோதனைச் சான்று, எடைத்தட்டு, க்யூப், தினமும் அங்கே நிற்கிற ஒரு பொறியாளர் என்று அத்தனையும் வேண்டும். அவ்வளவும் இருந்தால் பலன் பெரிது. எங்கள் ஒரு தளத்தில் மட்டும் திட்டமிட்டபடி நடந்திருந்தால் ஒன்றரை டன் சிமெண்ட் மிச்சம், அதற்கான ஒரு டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயு காற்றில் கலந்திருக்காது.

மாடித் தளம் புரட்டாசியில் போட்டோம். மறுபடி சாம்பல்தான், வீட்டுக்காரர் விடவில்லை. இம்முறை 25 சதவீதம், தண்ணீரைக் குறைத்து சூப்பர்பிளாஸ்டிசைசர் சேர்த்தோம். மூட்டைகளை லாரியிலிருந்து இறக்கும்போதே அச்சைப் படித்துச் சொல்லும் வேலையை மேஸ்திரி தன் மகனுக்குக் கொடுத்தார், பிளஸ் டூ படிக்கிற பையன். ஒவ்வொரு மூட்டையாகத் திருப்பி, "ஓ.பி.சி. அம்பத்தி மூணு" என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் அது மிக்ஸர் பக்கம் போனது. அதிகாலை நாலு மணிக்கு விளக்கு போட்டு ஆரம்பித்து, வெயில் ஏறுமுன் முடித்தோம். ஏழாம் நாள் க்யூப் 18-ஐத் தாண்டியது. முட்டைப் பதினைந்தாம் நாள்தான் எடுத்தோம். சென்ட்ரிங்காரருக்கு அந்த நாட்களுக்கும் சேர்த்தே முதலில் கூலி பேசியிருந்தோம்.